பார்த்து எழுதுதல்: ஒரு தோட்டக் காட்சியை முன்வைத்து

தமிழில் 'எழுதுதல்' என்னும் வினை எழுத்துக்கும் ஓவியத்துக்கும் பொதுவானது. ஓலையில் எழுதிய செய்யுள் என்கிறோம். சுவரில் எழுதிய சித்திரம் என்றும் சொல்கிறோம். அரபு மொழியின் 'ரஸ்ம்' என்ற சொல்லும் இத்தகையதே. இன்றைய அரபில் அது படம் வரைதலைக் குறிக்கும். குர்ஆனியக் கலைகளைப் பயில்வோர்க்கோ அது திருமறையின் எழுத்துருவைக் குறிக்கும் கலைச்சொல். 'ரஸ்ம் உஸ்மானீ' என்ற தொடரை மத்ரஸா மாணவர் அனைவரும் அறிவர். எழுத்தும் ஓவியமும் சொல்லளவில் உறவுடையன என்றால், அவற்றைக் கற்கும் முறையிலும் உறவு இருத்தல் வேண்டும். அம்முறை, ஆசான் எழுதியதைப் பார்த்து எழுதிப் பழகுதல். அதன் பயன் யாது, எல்லை யாது என்பதை ஓர் ஓவியத்தை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்குக் காரணமாக அமைந்தது ஒரு தற்செயல். முன்னாளில் என்னிடம் அரபு பயின்ற மாணவர் ஒருவர் இப்போது தூத்துக்குடியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறார். ஐம்பதைக் கடந்த வயதில் எண்ணெய் வண்ணம் பழக ஆசைப்படுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். சிரிக்காமல், ஓர் அச்சுப் படத்தைக் கொடுத்து, "இதைப் பார்த்து எழுதுங்க, ஹஜ்ரத்" என்றார். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் (1776–1837) 1815ஆம் ஆண்டில் தீட்டிய 'கோல்டிங் கான்ஸ்டபிளின் மலர்த்தோட்டம்' என்னும் படம் அது. கோல்டிங் என்பவர் ஓவியரின் தந்தை. சஃபோக் பகுதியில் ஈஸ்ட் பெர்கோல்ட் என்ற ஊரில் தானிய வணிகமும் மாவு ஆலையும் நடத்தியவர். அவ்வீட்டின் மாடிச் சன்னலிலிருந்து கீழே நோக்கினால் தெரிவதே காட்சி: வட்டமான பூப்பாத்தி, புல்தரை, வேலி, அப்பால் வயல்கள், மரங்கள், வானம். முன்புறத்தில் வீட்டின் நீண்ட நிழல் விழுந்து கிடக்கிறது. மூலப் படம் சிறியது. உயரம் 33 செ.மீ., அகலம் 51 செ.மீ. அளவே. இப்ஸ்விச் நகர அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. இயற்கையைத் தன் மனநிலையின் மொழியாகக் கண்ட புனைவியல் காலத்தின் அமைதியான படைப்புகளுள் இதுவும் ஒன்று.

தூரிகையைத் தொடுமுன் என் போன்றோர்க்கு எழும் முதல் வினா மார்க்க வினாவே. படம் எழுதுதல் ஆகுமா? கைத்தொழிலாக உருவங்கள் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து இதே வினாவைக் கேட்ட நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. உயிருள்ளவற்றின் உருவங்கள் பற்றிய எச்சரிக்கையை எடுத்துரைத்த அவர்கள், வந்தவர் மனங்கலங்கக் கண்டு, செய்துதான் ஆகவேண்டுமெனில் மரத்தையும் உயிரற்ற பொருள்களையும் செய்யுமாறு வழிகாட்டினார்கள். ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் மரம் முதலியவற்றை வரைவது தடையன்று என்றே எழுதுகிறார்கள். கனி தரும் மரத்தை வரைவதை மட்டும் முஜாஹித் (ரஹ்) வெறுத்ததாக ஒரு செய்தி உண்டு. ஷாஃபிஈ வழி நடக்கும் நம் கடற்கரை ஊரார்க்கு இந்த விவரங்கள் புதியவை அல்ல. நம் சட்ட நூல்கள் ஓவியனுக்கு எவ்விவாதமும் இன்றித் திறந்துவைத்த கதவு தோட்டத்தின் கதவே என்பதைத்தான் இங்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

அக்கதவின் வழியே தொடக்கக் காலத்திலேயே நுழைந்தவர்களுள் டமாஸ்கஸின் கலைஞர்களும் உண்டு. கலீஃபா முதலாம் வலீத் காலத்தில் (705–715) எழுந்த உமையாக்களின் பெரிய பள்ளிவாசலில், கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துச் செய்த நீண்ட தோட்டக் காட்சி இன்றும் உள்ளது. ஓடும் ஆறு, கரையோரப் பெருமரங்கள், மாளிகைகள். மனிதரோ விலங்கோ அதில் இல்லை. அது பரதா ஆற்றங்கரையா, சுவனத்தின் குறிப்பா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதன் வேலைப்பாட்டு நுட்பம் பைஸாந்தியக் கலை மரபிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. மரமும் மாளிகையும் அம்மரபில் முன்னரே இருந்தவை. அவற்றைப் பார்த்துச் செய்த கைகள் உருவங்களை மட்டும் விலக்கின. விலக்கியதனால் ஏற்பட்ட வெற்றிடத்தை மரங்கள் நிரப்பின. பின்னணியாக இருந்தது பொருளாயிற்று. பார்த்துச் செய்வதிலும் ஒரு தேர்வு உண்டு, அத்தேர்வில் ஒரு புதுமை பிறக்கக்கூடும் என்பதற்கு இதனினும் பழைய சான்று நம் மரபில் தேட வேண்டியதில்லை.

இனிப் பயிற்சிக்கு வருவோம். அச்சுப் படத்தின் மீது கட்டங்கள் கீறி, அதே கணக்கில் கித்தானிலும் கட்டங்கள் இட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தெரியும் கோட்டை மாற்றி எழுதுவது முதற்படி. பின்னர் டர்பன்டைன் மிகுந்த மெல்லிய வண்ணத்தால் ஒளியும் இருளும் பிரிக்கப்படும். அது உலர்ந்தபின் எண்ணெய் கூடிய வண்ணம் அடுக்கடுக்காக ஏறும். அடியில் எண்ணெய் குறைவு, மேலே செல்லச் செல்ல எண்ணெய் மிகுதி என்பது விதி. மாறிச் செய்தால் மேற்பூச்சு நாளடைவில் வெடிக்கும். ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றின் ஆக்சிஜனை உட்கொண்டு மெல்ல இறுகுகிறது. அதனால் ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் நாள்கணக்கில் காத்திருக்க நேரும். மேலே பூசும் கண்ணாடி போன்ற மெல்லிய வண்ணத்தினூடே ஒளி உட்சென்று, அடியிலுள்ள வண்ணத்தில் பட்டுத் திரும்புகிறது. முத்துக்குளித்த கரையில் பிறந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. முத்தின் ஒளியும், சிப்பி ஆண்டுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்ட நுண்ணிய அடுக்குகளினூடே ஒளி சென்று மீள்வதால் வருவதுதானே.

இரண்டு மாத உழைப்பில் என் புல்தரை பச்சையாயிற்று, பூப்பாத்தி வட்டமாயிற்று. வந்து பார்த்த மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "புல்லை எழுதிட்டீங்க ஹஜ்ரத், நிழலைப் பார்க்கலையே" என்றார். உண்மைதான். நிழலைக் கரும்பச்சையாகப் பூசிவிட்டு, வேலை முடிந்தது என்று எண்ணியிருந்தேன். கட்டத்துக்குள் இருந்த கோடு அனைத்தும் மாறி வந்துவிட்டது, காட்சி வரவில்லை. பார்த்து எழுதுவதன் பலவீனம் இதுவா, நான் பார்த்து எழுதிய விதத்தின் பலவீனமா என்ற கேள்வி அப்போது எழுந்தது.

நம் எழுத்துக்கலை மரபில் பார்த்து எழுதும் பயிற்சிக்கு 'மஷ்க்' என்று பெயர். மாணவன் முதலில் தனி எழுத்துகளையும், பின்னர்க் கூட்டெழுத்துகளையும் ஆசானின் வரிக்குக் கீழே எழுதிக் காட்டுவான், ஆசான் திருத்துவார், மீண்டும் எழுதுவான். ஆண்டுகள் கழியும். இம்மரபின் உச்சத்தைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றை யாகூத் அல்ஹமவீ பதிவு செய்துள்ளார். ஷீராஸில் புவைஹி அரசர் பஹாவுத் தவ்லாவின் நூலகப் பொறுப்பில் இருந்த இப்னுல் பவ்வாப் (மறைவு 1022), பெரும் எழுத்தாசான் இப்னு முக்லா (மறைவு 940) கையால் எழுதப்பட்ட குர்ஆன் பிரதியின் இருபத்தொன்பது பாகங்களைக் கண்டெடுக்கிறார். ஒன்று மட்டும் இல்லை. அதைத் தாம் எழுதி நிரப்புவதாகவும், எது புதியது என்று அரசரால் கண்டுபிடிக்க இயலாவிட்டால் பரிசு தர வேண்டும் என்றும் கூறுகிறார். பழைய தாளைத் தேடியெடுத்து, பழைய பொன்பூச்சின் மங்கலையும் வருவித்து எழுதி முடிக்கிறார். அரசர் முப்பது பாகங்களையும் புரட்டிப் பார்த்தும் வேறுபாடு காண இயலவில்லை.

இந்நிகழ்ச்சியை வியப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அதன் மறுபாதி டப்ளினில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. ஹிஜ்ரி 391இல் (1000–1001) இப்னுல் பவ்வாப் எழுதித் தம் பெயரையும் பொறித்த குர்ஆன் பிரதி அது. அதில் இப்னு முக்லாவின் ஒழுங்கு இருக்கிறது. கை இப்னுல் பவ்வாபுடையது. பிறர் கண்டுபிடிக்க இயலாத அளவுக்கு ஆசானுக்குள் மறையத் தெரிந்தவர், பிற்கால எழுத்தாளர்கள் தலைமுறைகளாகப் பின்பற்றிய தனி நடையின் முதல்வரானார். மஷ்க் என்ற பயிற்சிக்கு முடிவு ஒன்று உண்டு என்பதையே இது உணர்த்துகிறது. உஸ்மானிய மரபில் அம்முடிவுக்குச் சடங்கு வடிவமே இருந்தது. மாணவன் முன்னோர் ஒருவரின் எழுத்துப் பலகையைப் பார்த்து எழுதிக் காட்ட, ஆசான்கள் அதன் கீழே தம் இசைவை எழுதி இஜாஸா வழங்குவர். அதன் பின்னரே தன் எழுத்தின் கீழ் 'கதபஹு' என்று தன் பெயரிடும் உரிமை அவனுக்கு உண்டு.

நான் பார்த்து எழுதிய கான்ஸ்டபிளும் இத்தகைய மாணவராக இருந்தவர்தாம். 1823இன் இலையுதிர் காலத்தில், சர் ஜார்ஜ் பியூமான்ட் என்ற செல்வரின் கோலியார்டன் மாளிகையில் தங்கி, பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் கிளாட் லொரேனின் படங்களைப் பார்த்து எழுதினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. பேர்பெற்ற பல படங்களைத் தீட்டி முடித்திருந்தார். பழைய படங்களின் பழுப்பு நிறமே நிலக்காட்சிக்கு உரியது என்று நம்பிய பியூமான்ட், பழைய வயலினின் நிறம் படம் முழுவதும் விரவ வேண்டும் என்று அறிவுரை கூறினார் என்றும், கான்ஸ்டபிள் மறுமொழியாக ஒரு வயலினை எடுத்து வெளியிலிருந்த பச்சைப் புல்தரையில் வைத்துக் காட்டினார் என்றும் அவரது வரலாற்றை எழுதிய லெஸ்லி கூறுகிறார். கிளாடைப் பார்த்து எழுதிய கைதான் வயலினைப் புல்மீது வைத்தது. முன்னோரைப் பின்பற்றும் தக்லீதும் தன்னறிவால் ஆயும் இஜ்திஹாதும் ஒரே மனிதனிடம் முரணின்றி வாழ முடியும் என்பதற்கு ஓவிய உலகம் தரும் நல்ல எடுத்துக்காட்டு இது.

நம் தென்னாட்டில் எண்ணெய் வண்ணம் இந்த ஒழுங்கான வழியில் வரவில்லை. இராஜா இரவிவர்மா (1848–1906) அதைக் கற்ற வரலாறு பலரும் அறிந்ததே. திருவிதாங்கூர் அரண்மனை ஓவியரான மதுரை இராமசாமி நாயக்கர் அந்நுட்பத்தைக் கற்பிக்க மறுத்தார். 1868இல் அங்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பியரும் கற்பிக்கவில்லை. தாம் எழுதும்போது அருகிருந்து பார்க்க மட்டும் இசைந்தார். நாயக்கரின் உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை இரவில் வந்து சொல்லிக்கொடுத்தார் என்பர். மறைக்கப்பட்ட கல்வியைப் பார்வையால் கவர்ந்தவர் இரவிவர்மா. ஸனதும் இஜாஸாவும் இன்றி நுழைந்த கலை என்பதால் அதன் பின்விளைவுகளும் வேறாயின. நுட்பம் வந்தது, அந்நுட்பம் எக்காட்சிக்காக உண்டானதோ அக்காட்சியும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது.

அதன் தொடர்ச்சியை நம் மாவட்டத்திலேயே காணலாம். சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு (1898–1976), நாடகக் குழுவில் திரைச்சீலை ஓவியராகப் பணியாற்றி, 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். அக்கால நாடகக் குழுக்களின் திரைகளில் தெரு, தர்பார், காடு, நந்தவனம் ஆகிய காட்சிகள் தவறாமல் இருக்கும். எக்கதையாயினும் தலைவி உலவுவது அதே நந்தவனத் திரையின் முன்தான். கோவில்பட்டியில் அவரைச் சுற்றி ஒரு மாணவர் குழாம் உருவாயிற்று. ஆசானின் படங்களைப் பார்த்து எழுதியே அவர்கள் பழகினர். ஆசான் பெயரும் மாணவர் பெயரும் சேர்ந்து கையொப்பமான படங்களும் உண்டு. நம் இஜாஸா மரபை அறிந்தவர்க்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. அவர்கள் எழுதியவற்றைச் சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டிகளாக்கி நாடெங்கும் அனுப்பின.

அப்படங்களின் தெய்வ உருவங்கள் நம் ஆய்வுக்குரியன அல்ல. அவற்றின் பின்னணியே உரியது. தாமரைக் குளம், அன்னம், ரோஜாப் புதர், தொலைவில் பனிமலை. ஐரோப்பியப் புனைவியலின் தோட்டம் நாடகத் திரைக்கும், திரையிலிருந்து நாட்காட்டிக்கும் பெயர்ந்த வரலாறு இப்பின்னணிகளில் படிந்துள்ளது. வெளியே, மழை பொய்க்கும் கரிசல் வெடித்துக் கிடந்தது. அதே கோவில்பட்டிக்கு அருகில் இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசலையே எழுதினார்; நாட்காட்டி ஓவியம் அம்மண்ணை ஏறிட்டும் பார்க்கவில்லை. கைத்திறனில் குறை காண இயலாத அம்மரபின் மீது இக்குற்றச்சாட்டை வைக்காமல் இருக்க இயலவில்லை. எனினும் நீதியாகச் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. வறண்ட மண்ணில் வாழ்பவன் சுவரில் குளத்தை மாட்டுவது பொய்யை விரும்பியன்று. பாலை மக்களுக்கு அருளப்பட்ட திருமறை சுவனத்தைக் கீழே ஆறுகள் ஓடும் சோலைகளாகவே வருணிக்கிறது. ஏக்கத்துக்கும் ஒரு காட்சி வேண்டும். அந்த ஏக்கம் ஆயிரம் நாட்காட்டிகளிலும் ஒரே அன்னமாக நீந்தியதுதான் வருத்தம்.

இதே வழக்கை நம் உமறுப் புலவர் மீதும் தொடுத்தவர்கள் உண்டு. எட்டயபுரத்தில் வாழ்ந்து அங்கேயே அடங்கியிருக்கும் புலவர், 92 படலங்களும் 5027 பாடல்களும் கொண்ட சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை வெள்ளம் பெருகும் வயல்களும் சோலைகளும் நிறைந்ததாகப் பாடினார். அது அரபு நாடன்று, எட்டயபுரத்துக் கரிசலுமன்று. கம்பரிடம் கற்ற காப்பிய நாடு. பார்த்து எழுதிய தோட்டம் என்று இதைக் குறைகூறலாம். ஆயின் கம்பரின் கட்டங்களுக்குள் கைபழகிய அதே புலவர்தாம், வேடனிடம் சிக்கிய மானுக்காக நபிகள் நாயகம் (ஸல்) பிணை நின்ற படலத்தை எழுதுகிறார். கன்றுக்குப் பாலூட்டிவரச் சென்ற பிணைமான் சொன்ன சொல் தவறாது திரும்பும் அவ்விடத்தில் கற்றுக்கொண்ட அணிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தாய்மையின் தவிப்பே தெரிகிறது. நாட்டுப் படலம் அவரது மஷ்க் எனில் மானின் படலம் அவரது கையொப்பம். முன்னதைக் கழித்துவிட்டுப் பின்னதை மட்டும் பெற்றிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

என் நிழலுக்குத் திரும்புகிறேன். மாணவர் சொன்னபின் கான்ஸ்டபிளின் படத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். அத்தோட்டம் கிழக்கே உள்ளது. முன்புறத்தில் கிடப்பது மாலை வெயிலில் வீடே வீழ்த்திய நிழல். அத்தோட்டத்தைப் பேணிய தாயார் 1815இன் வசந்தத்தில் இறந்தார். படம் அக்கோடையில் எழுதப்பட்டது. மறு ஆண்டே தந்தையும் மறைந்தார். ஓவியர் நின்ற சன்னல், அவ்வீடு, அவ்வேளை ஆகிய மூன்றும் நிழலுக்குள் இருந்தன. நானோ கட்டத்துக்குக் கட்டம் வண்ணத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அன்று அஸர் தொழுதபின் காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து கொல்லையைப் பார்த்தேன். கிணறு, முருங்கை, சுவரோரம் உம்மா வைத்த மருதோன்றி. உம்மா மவுத்தாகி ஆறு ஆண்டுகளாக அதைக் கத்தரித்துவிடுவாரில்லை. வீட்டின் நிழல் கிணற்றடியைத் தாண்டியிருந்தது. அது கரும்பச்சையாக இல்லை. நீலமும் செம்மண்ணும் கலந்த ஏதோ ஒரு நிறம். அந்த நிறத்தைக் கலக்க எனக்கு நான்கு மாலைகள் ஆயின. அடுக்குகள் உலரக் காத்திருக்கவும், ஒளியையும் இருளையும் பிரிக்கவும் ஆங்கிலத் தோட்டம் கற்றுத்தந்திராவிட்டால் நானூறு மாலைகளிலும் அது வந்திராது. அந்த நிறத்தைக் கண்டபின்தான் ஆங்கிலத் தோட்டத்தின் நிழலையும் அழித்துத் திருத்த முடிந்தது.

ஓவியத்தைப் பற்றித் தொடங்கிய இந்த ஆராய்ச்சி முடிவில் என் தொழிலையே தொடுகிறது. எங்கள் வகுப்புகளில் மூலபாடங்களை மனனம் செய்விக்கிறோம். அது மஷ்க், அதை இழிவாகப் பேசுவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. ஆயின் ஏழாண்டு பயின்ற மாணவர் தம் ஊரைப் பற்றி, தம் உப்பளத்தைப் பற்றி, தம் வீட்டாரைப் பற்றி அரபில் பத்து வரி சொந்தமாக எழுத நாங்கள் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? நான் கேட்டதில்லை. மனனத்தைத் திருத்தினேன், அதன் முடிவில் ஒரு கையொப்பம் இருக்க வேண்டும் என்பதை மறந்தேன். ஆங்கிலேயரின் தோட்டத்துப் பச்சையைக் கரும்பச்சையாகப் பூசியவனும், மாணவரின் வாயில் பிறர் சொற்களை மட்டும் வைத்தவனும் ஒருவனே.

கொல்லைப் படத்தை மாணவரிடம் காட்டினேன். முருங்கை முருங்கையாக இல்லை, கிணறு சாய்ந்திருந்தது. அவர் உள்ளதைச் சொன்னார்: "கிணறு சரியில்லை ஹஜ்ரத். ஆனா, என்ன நேரம்னு தெரியுது." இரண்டு படங்களும் இப்போது என் அறையில் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. ஒன்றிலும் இன்னும் பெயரிடவில்லை. வல்லாஹு அஃலம்.